தாம்பரத்து முட்காடுகள்

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரத்தையும் பெருங்களத்தூரையும் கடந்தபின் இடக்கைப் பக்கம் எழும் வண்டலூர் மலைச்சரிவை, அக்கினி நட்சத்திர வெயிலில், பேருந்தின் ஜன்னல் வழியே பார்க்கும் பிரயாணிக்கு அது ஒரு வனம் என்னும் எண்ணமே எழாது. கருகிய புல்லும், கரும்பாறையும், ஆள் உயரத்துக்கு மேல் வளரத் துணியாத புதர்களும், அவற்றினிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாய் நிற்கும் பனைகளும்தான் அவர் கண்ணில் படும். அந்த வெயிலையும் பொருட்படுத்தாமல், கோடை விடுமுறையில் இருக்கும் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் வாயிலில் ஆயிரக்கணக்கில் வந்து குவியும் ஜனங்கள், சிங்கத்தையும், வெள்ளைப் புலியையும், நீர்யானையையும், கடல் கடந்து வந்த ஈமுவையும் கண்டு களித்து, மாலையில் களைத்துப் போய் வீடு திரும்புகிறார்கள். அவர்கள் நாள் முழுதும் நடந்த நிலம், அவர்கள் கண்ட பிராணிகளில் பலவற்றைக் காட்டிலும் அரிதாகிவிட்ட ஒரு காட்டின் மிச்சம் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. அந்தக் காட்டைப் பற்றியும், நன்மங்கலம், சேலையூர், கிண்டி ஆகிய இடங்களில் துண்டு துண்டாய் எஞ்சி நிற்கும் அதன் மற்றப் பகுதிகளைப் பற்றியும் எழுத வேண்டிய காலம் இது. தாமதித்தால், எழுதுவதற்கு விஷயம் இருக்கும், காடு இராது.

வறண்ட நிலம் என்று இப்பிரதேசத்தைச் சொல்வது எந்தப் பொருளில் என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன். ராஜஸ்தானத்து ஜெய்சால்மரில் ஆண்டு முழுவதற்கும் பெய்யும் மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். சென்னையிலோ சராசரி 1,400 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிறது. ஆனால் அதில் பாதிக்கு மேற்பட்டது, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்றே மாதங்களில், வடகிழக்குப் பருவக்காற்றும் புயலும் சேர்ந்து கொட்டித் தீர்த்துவிட்டுப் போவது. தை பிறந்தபின் வானம் வெளுத்துவிடும். மாசியில் புல் காயும். சித்திரையிலும் வைகாசியிலும் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். ஆடி, ஆவணியில் மாலை வேளைகளில் இடியோடு பெய்யும் சில மழைகளைத் தவிர மரஞ்செடிகளுக்கு வேறு கதி கிடையாது. ஆகவே இங்கே வாழும் ஜீவராசிகள், ஒரு பருவத்தில் வெள்ளத்தையும் மற்றப் பருவங்களிலெல்லாம் பாலைக்கு ஒப்பான வறட்சியையும் தாங்கும் உடலமைப்பைப் பெற்றிருக்க வேண்டும்.

இந்த இரட்டைச் சோதனைக்கு ஈடுகொடுத்து உருவானதே சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடு என்று தாவர சாஸ்திரிகள் குறிப்பிடும் வனவகை. மற்ற வறண்ட காடுகளில் மரங்கள் கோடையில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாய் நின்று காலம் தள்ளும். இக்காட்டின் மரங்களோ, சிறிதாய், தடித்ததாய், எண்ணெய் பூசினாற்போல் பளபளக்கும் இலைகளை ஆண்டு முழுதும் வைத்துக்கொண்டே அந்த வெயிலைக் கடக்கின்றன. வீரை, உலக்கைப் பாலை, காசான், காட்டெலுமிச்சை, காரை, களா, சூரை, விராலி, ஆவாரை என்று இவற்றின் பெயர்களைச் சொன்னால் செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமத்தார் ஒவ்வொன்றின் பழத்தின் ருசியையும் பட்டையின் உபயோகத்தையும் சொல்லிவிடுவார்கள். இந்த வனவகை தமிழகத்தின் கீழைக் கரையிலும் இலங்கையின் வறண்ட பகுதியிலும் மட்டுமே பெரும்பாலும் காணப்படுவது. அதிலும் இங்கே ஐயனார் தோப்புகளாகவும் கோயில் காடுகளாகவும் சிற்சில ஏக்கர் அளவில் பிழைத்திருப்பதுதான் மிகுதி. மனிதர் வெட்டியும், ஆடுமாடு மேய்ந்தும், தீ தின்றும் குறைந்த இடங்களில் அது குறுகி முட்புதராகிறது. தொந்தரவு செய்யாமல் விட்டால், மெல்ல மெல்ல, புதரினுள்ளிருந்தே மரமாக எழும்புகிறது. வண்டலூரிலும் நன்மங்கலத்திலும் இந்த இரண்டு நிலைகளையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

நிலத்தின் புராதனத்தையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் பல்லாவரத்தில், சரளைக்கல் வெட்டி எடுத்த ஒரு குழியில், ஆதிமனிதன் செதுக்கிய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்திய தேசத்தில் பழைய கற்காலம் என ஒன்று இருந்ததற்கு அறிவுலகம் ஏற்ற முதற் சான்று அதுவே. பின்னர் தாமஸ் ஹாலண்ட் என்னும் புவியியலறிஞர், பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் கரும்பாறையை ஆராய்ந்து, கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருந்த கல்லும் இதுவே எனக் கண்டு, அதற்கு சார்னோகைட் என்று நாமகரணம் செய்தார். உலகின் பல கண்டங்களில் இன்று அப்பெயரால் வழங்கும் பாறைக்கு இந்தப் பரங்கிமலைப் பிரதேசமே தாயகம். இந்தப் பாறை வெயிலில் சூடேறி இரவெல்லாம் அச்சூட்டை வெளியிட்டுக்கொண்டிருப்பதும், இதன் இடுக்குகளில் தேங்கும் சிறு மண்ணைப் பற்றிக்கொண்டு செடிகள் முளைப்பதும்தான் இக்காட்டின் வாழ்க்கை ரகசியம். தாம்பரத்தின் உலர்ந்த காற்றும் ஒரு காலத்தில் ஔஷதமாகவே மதிக்கப்பட்டது. டாக்டர் சௌரிமுத்து 1928-ல் பச்சைமலையடிவாரத்தில் க்ஷயரோகிகளுக்கென ஒரு சிறு சானடோரியத்தை நிறுவியதற்கு அக்காற்றும் நகரத்தினின்று விலகிய ஏகாந்தமும் காரணங்கள். 1937-ல் அரசாங்கம் அதை ஏற்றது. தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் நிலைத்துவிட்டது.

வண்டலூர்ப் பூங்காவின் சரித்திரம் எழும்பூரில் தொடங்குகிறது. சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த எட்வர்ட் பால்ஃபோர் என்னும் மருத்துவர், உயிருள்ள பிராணிகளைப் பார்க்க ஜனங்கள் ஆவலோடு திரண்டு வருவதைக் கண்டு, 1855-ல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு விலங்குக் காட்சிசாலையை ஏற்படுத்தினார். பின்னர் அது நகரசபையின் பொறுப்பில், சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. இந்த பால்ஃபோரே, அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், ஒரு தேசத்தின் சீதோஷ்ணத்துக்கும் அதன் மரங்களுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதி, காடழிந்தால் நீர் குன்றும் என்று கம்பெனி அரசாங்கத்தை எச்சரித்தவர் என்பதை நம்மில் பலர் அறியோம். ரயில் புகையும் சந்தை இரைச்சலும் சூழ்ந்த இடத்தில் இரும்புக் கூண்டுகளுக்குள் நூறாண்டுக்கு மேல் அவதிப்பட்ட அந்தக் காட்சிசாலைக்கு விமோசனம் பிறந்தது, 1976-ல் வனத்துறை வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கரை ஒதுக்கியபோதுதான். 1985-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் தேதி அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அதைத் திறந்துவைத்தார். கம்பிக்கூண்டுகளை ஒழித்து, அகழிகளால் பிரித்த திறந்த வெளிகளில் விலங்குகளை உலவவிட்ட அந்த ஏற்பாடு, விஸ்தீரணத்தில் சுமார் 600 ஹெக்டேராக இன்று விரிந்து, இந்தியாவின் மிகப் பெரிய உயிரியல் பூங்காக்களில் ஒன்றாக விளங்குகிறது.

இத்தனை பெரிய நிலப்பரப்பில் விலங்குகளுக்கென அடைத்த பகுதி ஒரு பங்குதான், மிகுதியெல்லாம் காடு. ஓட்டேரி ஏரியில் மழைக்காலத்துக்குப் பின் நீர் நிறையும்போது கொக்கும் நாரையும் நீர்க்காகமும், எவர் அழைப்பும் இன்றி, எந்தப் பட்டியலிலும் சேராமல் வந்து தங்குகின்றன. புள்ளிமான்கள் வேலியில்லாமல் திரிகின்றன. பாறைச் சரிவில் உடும்பும், புதரடியில் கீரியும், கௌதாரிக் கூட்டமும் உண்டு. சிங்கத்தின் அகழிக்கு முன்னால் நூறு பேர் நெருக்கியடித்து நிற்க, அவர்கள் முதுகுக்குப் பின்னால் காரைச் செடியின் மேல் ஒரு பச்சோந்தி, ஒரு கண்ணை முன்னும் மற்றொரு கண்ணைப் பின்னுமாகச் சுழற்றிக்கொண்டு, ஒரு காலை எடுத்து வைப்பதா வேண்டாமா என்று காற்றில் ஆடி யோசித்து, மெல்ல அடுத்த கிளைக்குப் போவதைக் காண ஒருவரும் திரும்புவதில்லை.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் கரை கடந்தபோது வண்டலூரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பூங்காவையே பல வாரங்கள் மூடவேண்டியதாயிற்று. அந்தப் புயலில் சென்னை முழுதும் வேரோடு பெயர்ந்தவற்றில், விரைவில் நிழல் தரும் என்று வெளியிலிருந்து கொண்டுவந்து சாலையோரங்களில் வைத்த குல்மொஹர், பெருங்கொன்றை முதலியன அதிகம் என்று அப்போதே பலரும் எடுத்துக்காட்டினர். இடுப்பளவும் தோளளவும் வளர்ந்து, ஆழ வேரோடி, பாறையைக் கௌவிக்கொண்டிருக்கும் முட்செடிகளுக்குப் புயல் புதிதன்று. அவை ஆண்டாண்டாய்ப் புயல்களோடு பழகியவை. ஆயினும் ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் பசுமையாக்கம் என்ற பெயரால் நாற்று நட முற்படுவோர், உள்ளதை வெட்டிச் சமப்படுத்திவிட்டு, வெளியூர் மரங்களையே நாடுவது வருந்தத்தக்கது. நட வேண்டிய இடங்கள் எத்தனையோ உண்டு. காட்டினுள் காட்டை நடுவது அறிவுடைமை ஆகாது.

இதற்குக் கிண்டியே பிரத்யட்ச சாட்சி. 1821-ல் அரசாங்கம் விலைக்கு வாங்கிய கிண்டி வனத்தின் பரப்பு ஒரு காலத்தில் 500 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. 1910-ல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபின்னும் கல்வி நிலையங்களுக்கும் நினைவாலயங்களுக்கும் மருத்துவமனைக்கும் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுத்ததில், 1978-ல் தேசியப் பூங்காவானபோது மிஞ்சியது 270 ஹெக்டேர். நகர எல்லைக்குள்ளேயே அமைந்த தேசியப் பூங்கா என்ற பெருமை அதற்கு உண்டு. அங்குள்ள வெளிமான், திருகிய கொம்புகளும் கரிய முதுகும் வெண்மையான வயிறுமாய், ஓடத் தொடங்கினால் தரையில் கால் பாவாதோ என ஐயுறவைக்கும் அழகிய பிராணி. அதற்கு வேண்டுவது, எதிரியைத் தொலைவிலேயே காணக்கூடிய திறந்த புல்வெளி. கிண்டியில் அதற்கு வாய்த்த முக்கிய இடம், போலோ மைதானம் என்று பழைய பெயரிலேயே வழங்கும் சமவெளி. மரம் வளர்ப்பது புண்ணியம் என்ற நல்லெண்ணத்தால் புல்வெளிகளில் நட்ட அந்நிய மரங்களும், தானே பரவிய சீமைக்கருவேலும் சேர்ந்து அந்த வெளியைக் குறுக்கின. வெளிமான் குறைய, நிழற்காட்டை விரும்பும் புள்ளிமான் பெருகியது. பின்னர் வனத்துறையே மரங்களை நீக்கிப் புல்லைக் காக்க முற்பட வேண்டியிருந்தது.

சேலையூரில் நடந்தது வேறு கதை. 1837-ல் தொடங்கிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, நகரத்தின் நெருக்கடியிலிருந்து விலகி, சரியாக நூறு ஆண்டு கழித்து 1937-ல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது அதற்குக் கிடைத்தது சேலையூர் முட்காட்டின் ஒரு பகுதி. ரசாயனப் பேராசிரியரும் தாவர ஆராய்ச்சியில் பெருவேட்கை கொண்டவருமான எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே பலவகை மரங்களை வைத்து வளர்த்தார். அவற்றுள் வெளியிலிருந்து வந்தவையும் உண்டு. என்றாலும் 365 ஏக்கர் பரப்பில் கட்டடங்களும் மைதானங்களும் போக எஞ்சிய புதரை வெட்டித் தள்ளாமல் அப்படியே விட்டுவைத்த அந்த விவேகத்தினால்தான், தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், மான்கள் நடமாடும் ஒரு வனம் இன்றும் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாய் மாணவர்கள் அதில் செடி கொடிகளின் பெயர்களைக் கற்றிருக்கிறார்கள்.

இவை யாவற்றிலும் நான் மிகவும் நேசிப்பது நன்மங்கலம். வேளச்சேரியிலிருந்து தாம்பரம் வரும் சாலையில் மேடவாக்கத்தை அடுத்து, சுமார் 320 ஹெக்டேர் அளவில், இருபுறமும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் அணைகட்டினாற்போல் நெருங்கி நிற்க, அக்காப்புக்காடு கிடக்கிறது. அதன் நடுவில், முன்னாளில் கல்லுடைத்துக் கைவிட்ட குவாரி ஒன்று செங்குத்தான பாறைச் சுவர்களோடு நீர் நிறைந்திருக்கிறது. கல்லுடைத்த காலத்தில் அது ஒரு புண்ணாகத்தான் இருந்திருக்கும். மனிதன் விலகியபின் அந்தப் பாறைச் சுவர்களின் விளிம்புகளில் கொம்பன் ஆந்தை குடியேறிவிட்டது. பகலில் அது பாறையின் நிறத்தோடு நிறமாய் ஒன்றி உட்கார்ந்திருக்கும்போது, வழிகாட்டுபவர் விரல் நீட்டிக் காட்டினாலும் எளிதில் புலப்படாது. காதுகளைப் போல் நிமிர்ந்த இரண்டு இறகுக் கற்றைகள் காற்றில் அசைய, ஆரஞ்சு வண்ணக் கண்கள் பாதி திறக்கும்போதுதான் அங்கே ஒரு பறவை இருப்பது தெரியும். அந்தி மயங்கியதும் அது கனத்த குரலில் அழைக்கும். எதிர்ச்சுவரிலிருந்து அதன் துணை பதிலளிக்கும். எலிகளைப் பிடித்து உண்ணும் இப்பறவை சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் செய்யும் உபகாரத்தைக் கணக்கிட்டு முடியாது.

நன்மங்கலத்துக்குப் போக விரும்புவோர் வனத்துறையின் அனுமதி பெற்று, மழைக்காலத்தின் தொடக்கத்திலோ அல்லது மார்கழிக் காலையிலோ போவது உத்தமம். முதல் மழை பெய்து ஓய்ந்த மறுநாள், செம்மண்ணில், சுண்டுவிரல் நகத்தளவு செந்நிற வெல்வெட்டுத் துணியால் தைத்தாற்போன்ற தம்பலப்பூச்சிகள் ஊர்ந்து வரும். தொட்டால் கால்களை மடக்கிக்கொண்டு சற்று நேரம் அசையாமல் கிடந்து, பிறகு நடையைத் தொடரும். ஆண்டின் பெரும் பகுதியை மண்ணுக்குள் கழித்து, அந்தச் சில நாட்களுக்காகவே வெளியே வரும் பிராணி அது. செங்காந்தளும் அப்படித்தான், கோடையில் கிழங்காய் மண்ணுள் மறைந்திருந்துவிட்டு, ஈரம் கண்டதும் கொடியாய் எழுந்து, இலை நுனிகளாலேயே முட்செடிகளைப் பற்றி ஏறி, மஞ்சளும் சிவப்புமாய் விரியும். நமது மாநில மலர் அது, பூக்கடையில் கிடைக்காது, முட்புதரை வெட்டினால் அதற்கு ஏறிப் படர இடமும் கிடையாது.

இக்காடுகளின் துரதிருஷ்டம் அவை அழகற்றவை எனக் கருதப்படுவது மட்டுமன்று. பயனற்றவை என்று ஏட்டில் எழுதப்பட்டுவிட்டதும்தான். தீர்வை வராத நிலத்தையெல்லாம் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் வகுத்த கம்பெனிக் காலத்து வருவாய்த்துறை மனோபாவம் சுதந்திரத்துக்குப் பின்னும் மறையவில்லை. மத்திய அரசாங்கம் வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுதியில் புதர்நிலம் இன்றும் ஒரு தரிசு வகையாகவே இடம்பெறுகிறது. இதன் விளைவைப் பெரிய அளவில் காண ஜெய்சால்மருக்குப் போக வேண்டும். அங்கே 3,162 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாலைவனத் தேசியப் பூங்காவிலும் அதைச் சுற்றிலும் கானமயில் என்னும் பெரும்பறவை தன் கடைசிக் குடும்பங்களோடு வாழ்கிறது. நாட்டில் எஞ்சியுள்ளவை நூற்றைம்பதுக்கும் குறைவு என்று மதிப்பிடுகின்றனர். கோட்டையையும் ஒட்டகச் சவாரியையும் காணக் கூட்டங்கூட்டமாய்ப் போகும் உல்லாசப் பிரயாணிகள் போற்றும் அதே மணல்வெளியைத் தரிசு எனக் கருதி, காற்றாலைகளையும் சூரிய மின் நிலையங்களையும் நிறுவி, அவற்றின் கம்பிகளை வானத்தில் இழுத்துவிட்டதால், பக்கப் பார்வை மிகுந்தும் முன்பார்வை குன்றியும் உள்ள அந்தக் கனத்த பறவை கம்பிகளில் மோதி மடிகிறது. 2021-ல் உச்ச நீதிமன்றமே தலையிட்டுக் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுசெல்ல உத்தரவிட்டு, பின்னர் 2024-ல் அதைத் தளர்த்தி, நிபுணர் குழுவொன்றை அமைத்தது. தமிழகத்தின் வறண்ட சமவெளிகளிலும் ஒரு காலத்தில் சஞ்சரித்த பறவை அது.

தாம்பரத்தைச் சுற்றி வரும் நெருக்கடி மின்கம்பியால் வருவதன்று. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. 2023 டிசம்பர் 30-ஆம் தேதி, காட்டை ஒட்டிய கிளாம்பாக்கத்தில், தென் மாவட்டங்களுக்கெல்லாம் செல்லும் பேருந்துகளின் நிலையம் திறக்கப்பட்டது. ஊர் வளர்வதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. வீடும் சாலையும் பேருந்தும் மக்களுக்கு வேண்டியவையே. ஆனால் இந்தக் குன்றுகளின் புதரடியில் ஊறி வடிந்த நீர்தான் காலங்காலமாக அடிவாரத்து ஏரிகளை நிரப்பியது. சரிவில் செடி நின்றால் மழைநீர் நடந்து வரும், செடி போனால் ஓடி வரும். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகில் மீட்கப்பட்டவர்களுக்கு அந்த வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. காப்புக்காட்டின் ஓரத்தில் குப்பையைக் கொட்டுவதும், கோடையில் அக்குப்பைக்கு இட்ட தீ காய்ந்த புல்லில் பற்றி மலையேறுவதும் உடனே நிறுத்தத்தக்கவை. அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம்.

இக்காட்டை உள்ளங்கையைப் போல் அறிந்த ஒரு சமூகத்தார் உண்டு. செங்கற்பட்டுப் பிரதேசத்து இருளர்கள், காய்ந்த மண்ணில் பாம்பு போன தடத்தையும், எலிவளையின் வாயில் ஒட்டிய செதிலையும் பார்த்தே, உள்ளிருப்பது நல்ல பாம்பா விரியனா என்று சொல்லவல்லவர்கள். 1970-ஐ ஒட்டி, பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேகர் தம் பாம்புப் பண்ணையை முதன்முதலில் அமைத்தது நமது சேலையூரில்தான். பிறகே அது 1972-ல் கிண்டிக்குப் போயிற்று. அவருக்குப் பாம்புகளைப் பற்றிய கல்வியில் பாதியை ஊட்டியவர்கள் இருளர்களே. பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டு அவர்கள் பிழைப்பு போனபோது, 1978-ல் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. வடநெம்மேலியில், மண்பானைகளின் வாயைத் துணியால் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பை வைத்து, சில வாரங்கள் விஷமெடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, அதே காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும் பகுதி அந்தப் பானைகளிலிருந்து வருவது. 2017-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளர்களை அமெரிக்காவின் புளோரிடா மாகாணம் வரவழைத்தது. அங்கே பல்கிப் பெருகித் தொல்லை தந்த மலைப்பாம்புகளில் ஒரு டஜனுக்கு மேற்பட்டவற்றை, 16 அடி நீளமுள்ள ஒன்று உட்பட, அவர்கள் சில வாரங்களுக்குள் பிடித்துக் கொடுத்தனர். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

புளோரிடாவுக்குத் தேவைப்பட்ட அந்த ஞானம் வண்டலூருக்கும் நன்மங்கலத்துக்கும் பயன்பட வேண்டாமா? வனத்துறைக்கு என் விண்ணப்பம் இதுதான். சிங்கத்துக்கும் புலிக்கும் பெயர்ப்பலகை வைப்பதுபோல் வீரைக்கும் காரைக்கும் களாவுக்கும் தமிழில் பலகை வைக்கலாம். புரட்டாசி முதல் தை வரை, பள்ளிப் பிள்ளைகளையும் ஆர்வமுள்ள பெரியவர்களையும் பத்துப் பத்துப் பேராகக் காட்டுக்குள் அழைத்துச் சென்று, தடம் பார்க்கவும் பழம் அறியவும் சொல்லிக்கொடுக்க, இருளர் சமூகத்தைச் சேர்ந்த ஆண்களையும் பெண்களையும் சம்பளம் கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்தலாம். கட்டடம் வேண்டாம், வாகனம் வேண்டாம், காட்டில் ஏற்கனவே உள்ள ஒற்றையடிப் பாதைகளே போதும். வண்டலூர்ப் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கூட்டமும் இரைச்சலும் இல்லாத அந்த நாளையே இதற்கென ஒதுக்கித் தொடங்கிப் பார்க்கலாம்.